ஒரே ஒரு மூக்கன்

வவுனியா நகரத்தில் ஒரு நிவாரண அலுவலகம். அதன் பின்னறையில் இருந்த கணினியை வெளிநாட்டுத் தொண்டர் ஒருவர் விட்டுவிட்டுப் போயிருந்தார். படம் காட்டுகிற கணினி அல்ல அது. யுனிக்ஸ் வகை, கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். மற்றவர்கள் ஒதுங்கிப் போனார்கள். சிவரூபிக்கு மட்டும் அது பிடித்துப்போனது. அடித்ததைச் செய்தது. அடித்தவளின் தகப்பன் யார், எந்த ஊர் என்று விசாரிக்கவில்லை.

விசாரித்தவர்கள் வேறு இடங்களில் இருந்தார்கள். அதனால்தான் அவள் எங்கேயும் 'மூ. சிவரூபி' என்றே கையெழுத்து வைப்பாள். அந்த 'மூ'வை விரித்துச் சொன்னதில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு, மாரி தொடங்குவதற்குச் சற்று முன்பு, மேலதிகாரி செல்வநாயகம் அறை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, செட்டிகுளம் முகாமில மலையகத்திலயிருந்து வந்த சனம் இருக்குதெல்லே. அவையளின்ர பைல் எல்லாத்தையும் ஒரு இடத்தில எடுத்துப் போடும். கொழும்பில தனிப் பட்டியல் கேக்கினம். அதைப் பாத்துத்தான் உலர் உணவு அட்டை புதுப்பிப்பினமாம்."

"ஏன் சேர் தனியா?"

"கேட்டால் குடுக்கிறது. எங்களுக்கென்ன?"

எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்து, வன்னிக் காட்டை வெட்டி வயலாக்கிய சனம். பிறகு போர் அந்த வயலிலிருந்தும் துரத்தியது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் பட்டியலில் இன்னும் 'வந்தவர்கள்'.

கணினியில் முகாம் ஒரு கோப்புறை. அதற்குள் பகுதிகள், பகுதிக்குள் வரிசைகள், வரிசைக்குள் குடும்பத்துக்கொரு கோப்பு, குடும்பத் தலைவரின் பெயரில். ஒவ்வொன்றாகத் திறந்தால் நாள் போதாது. சிவரூபி 'ஃபைண்ட்' கட்டளையை அடித்தாள். அது எல்லாக் கோப்புறைக்குள்ளும் இறங்கித் தேடும். பூர்வீகம் மலையகம் என்று பதிந்த கோப்புகளை மட்டும் பொறுக்கி, 'எம்வி' கட்டளையால் ஒரே கோப்புறைக்கு நகர்த்தும்படி சேர்த்து எழுதினாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

எண்ணிப் பார்த்தால், இருக்கவேண்டிய குடும்பங்களில் பாதிகூட இல்லை.

"கொம்பியூட்டர் பொய் சொல்லாது, பிள்ளை," என்றார் செல்வநாயகம். "மிச்சச் சனம் பதிஞ்சிருக்காது."

அவள் பெயர்களைத் திரையில் ஓடவிட்டாள். ஒரே ஒரு குப்பன். ஒரே ஒரு வீரம்மா. ஒரே ஒரு மூக்கன்.

மூக்கன் எப்படி ஒன்றாக இருக்க முடியும்? தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்தால், அடுத்த பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்று பெயர் வைப்பார்கள். எமன் அருவருத்து விட்டுவிட்டுப் போவானாம். வைத்தியரும் பாலும் தராத தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த மருந்து ஒரு ஊசித்துளை. முகாமில் வரிசைக்கொரு மூக்கன் இருந்தான். தனித்தனிக் கோப்புறையில் இருந்தவரை எல்லாரும் இருந்தார்கள். ஒரே இடத்துக்கு நகர்த்தியபோது, பிறகு வந்த மூக்கன் முன்னே வந்த மூக்கனை அழித்துக்கொண்டு உட்கார்ந்தான். கட்டளையோடு 'ஐ' என்று ஓரெழுத்தைச் சேர்த்திருந்தால், இதே பெயரில் ஒன்று இருக்கிறது, அழிக்கட்டுமா என்று கணினி கேட்டிருக்கும். கேட்கச் சொல்லி அவள் சொல்லவில்லை. வேறு பிரதியும் இல்லை.

"அவை பதிஞ்சவை சேர். நான்தான் அழிச்சனான்."

செல்வநாயகம் கதவைச் சாத்தினார். "சத்தம் போடாதையும். ஒப்பந்த வேலை உமக்கு, தெரியுமெல்லே? இருக்கிறதை அனுப்புவம். விடுபட்டவையை அடுத்த பதிவில பாக்கலாம்."

"அதுவரைக்கும் என்னத்தைச் சாப்பிடுவினம்?"



மறுநாள் அவள் முகாமுக்கு பஸ் ஏறினாள். மூக்கன் குடும்பத்தார் வரும்படி ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும், தறப்பாள் கூடாரங்களிலிருந்து ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

"எந்த மூக்கனுங்க? மூக்கு இருக்கிறவனெல்லாம் வரணுமா?" என்று ஒருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது.

"எல்லா மூக்கனும் வாங்கோ," என்றாள் அவள். "உங்கட பதிவை நான் பிழையா அழிச்சுப்போட்டன். திரும்ப எழுதவேணும்."

குப்பன், வீரம்மா என்று மற்றப் பெயர்களையும் கூப்பிட்டாள். வந்த வீரம்மாக்களில் ஒரு கிழவி பெருமூச்சு விட்டாள். "எங்க தலையெழுத்தும்மா. யார என்ன சொல்ல?"

"தலையெழுத்தில்லை அம்மா. நான் அடிச்ச கட்டளை. என்னை ஏசுங்கோ."

கிழவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏசிட்டா போச்சு. மொதல்ல எழுது. பேத்தி பேரு விட்டுப்போச்சுன்னா அப்புறம் ஏசுறேன்."

பொழுது சாயும்வரை எழுதினாள். இந்தமுறை கோப்பின் பெயரில் பகுதியும் வரிசையும் சேர்ந்தன. ஒரு மூக்கன் இன்னொரு மூக்கனின் மேல் உட்கார முடியாது. பட்டியல் பிந்தித்தான் போனது, ஆனால் முழுதாகப் போனது.

பிந்தியதற்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார் செல்வநாயகம். அதன்பின் வேலை இருக்குமோ இல்லையோ அவளுக்குத் தெரியாது. ஒன்றையும் மறைக்காமல் நடந்ததை எழுதினாள். அடியில் 'மூ.' என்று தொடங்கிய பேனை நின்றது. அதை வெட்டிவிட்டு, பக்கத்தில் முழுப் பெயரையும் எழுதினாள்: மூக்கன் சிவரூபி.