பரளச்சி வீட்டுச் சுவர்கள்

எழுபதுகளில் நான் பார்த்த வேலைக்கு எங்கள் பக்கம் பேரே கிடையாது. பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அப்பா, ஒருநாள் கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே விசாரணை வைத்தார். "படம் வரையிறியாலே?" இல்லை. "விக்கிறியா?" இல்லை. "பெறகு என்ன எழவுக்கு மெட்ராஸ்ல கெடக்க?" மற்றவர்கள் வரைந்ததைத் தேடிப் பார்த்து, எது எதன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று யோசித்து, இடம் பிடித்து மாட்டி, நாலு பேரை வரவழைப்பேன் என்றேன். "கல்யாண வீட்டுக்குப் பந்தல் போடுறவன்னு சொல்லு" என்றார். கடையே சிரித்தது. அவர் சொன்னது அவ்வளவு தப்பும் இல்லை.

என்னோடு ஓவியம் படித்தவன் ஒருவன் பரளச்சிக்காரன். எங்கள் செட்டிலேயே கை என்றால் அவன் கைதான். இரண்டாம் வருஷம் அவன் அப்பா இறந்துபோக, படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய் மானாவாரிக் காட்டைப் பார்த்துக்கொண்டான். தாளுக்கும் வண்ணத்துக்கும் வழியில்லை. கருவேலங்கரியை எடுத்து வீட்டுச் சுவரில் வரைய ஆரம்பித்துவிட்டான்.

ஒரு கோடையில் போய்ப் பார்த்தேன். மூன்று சுவர், தரையிலிருந்து உத்தரம் வரைக்கும். ஆளும் இல்லை, மரமும் இல்லை, வெறும் கோடுகள். வறண்ட கண்மாய்க்குள் நடந்தவனுக்கு அது என்னவென்று காலே சொல்லிவிடும். அப்படி ஒன்றை நான் மெட்ராஸிலும் பார்த்ததில்லை, பம்பாயிலும் பார்த்ததில்லை. "இதப் போட்டோ எடுத்து, இதே அளவுக்குப் பெருசாக்கி மெட்ராஸ்ல வைக்கிறேன்டா" என்றேன். "எப்ப?" என்றான். "இந்தக் கண்காட்சி முடியட்டும்."

அது முடிந்தது. அடுத்தது வந்தது. மூன்று வருஷம் அவனுக்கு இதே பதிலை வெட்கமில்லாமல் எழுதினேன். அவன் ஒரு தடவைகூடக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் ஒருவேளை போயிருப்பேன்.

மஞ்சள்காமாலையில் போய்விட்டான் என்று தந்தி வந்தது. எடுக்கிறதற்குள் வந்து சேர்ந்துவிட்டேன். வீட்டில் அவன் தங்கச்சி மட்டும்தான். ஒப்பாரிக்கு நடுவே அந்தச் சுவர்களைப் பார்த்தபடி நின்றேன். அன்றைக்கு அந்த வீட்டில் படத்தைப் பற்றிப் பேச நாக்கு எழவில்லை. மெட்ராஸில் மறுநாள் ஒரு திறப்பு விழா வேறு. "கருமாதிக்கு வாரேன் தாயி, மெட்ராஸ்லருந்து பெரிய ஆளுக ரெண்டு பேரக் கூட்டிட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பதினாறாம் நாள் காலையில் போட்டோக்காரரோடும் பத்திரிகையில் எழுதுகிற ஒருவரோடும் போய் இறங்கினேன். வாசலிலேயே சுண்ணாம்பு வாடை அடித்தது. தீட்டுக் கழிய, கருமாதிக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்குத் தெரியாதா? என் அம்மா செத்தபோது நானே சுண்ணாம்பு மட்டை பிடித்து அடித்திருக்கிறேன். அதை எப்படி மறந்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

உள்ளே மூன்று சுவரும் பளீரென்று இருந்தன.

"வாங்கண்ணே" என்று தங்கச்சி வந்தாள். "ஒரு கோட்டு சுண்ணாம்பு அடிச்சும் அண்ணன் கிறுக்குனது தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பெரிய ஆளுக வாராகன்னு சொன்னீகள்ல, கேவலமா நெனச்சிருவாகளேன்னு நானே ஏணி போட்டு ரெண்டாவது கோட்டும் அடிச்சேன்."

போட்டோக்காரர் என்னைப் பார்த்தார். எங்கள் முகத்தில் அவள் எதையோ கண்டிருக்க வேண்டும். "அழிச்சிருக்கக் கூடாதோண்ணே?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்ல தாயி. செய்ய வேண்டியதத்தான் செஞ்சிருக்க."

அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. "அண்ணன் இருக்கைல பொங்கலுக்குக்கூட வெள்ளையடிக்க விடாது. 'இந்தச் சுவரப் பாக்க ஒரு ஆளு வரணும், வந்துட்டுப் போகட்டும்'னு தட்டிக் கழிச்சிரும். யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லண்ணே" என்றாள்.

அது நான்தான் என்று சொல்ல எனக்கு அன்றைக்கும் துணிச்சல் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.