பேரீச்சம்பழத்துக்குப் போகாத இயந்திரம்

என் குரல் கணீரென்று இருக்கும். எல்லா வினையும் அதில்தான் ஆரம்பித்தது. எண்பதுகளின் நடுவில், பத்தாவது முடித்த கையோடு, ஊத்துக்குளியிலிருந்து தினமும் ரயில் ஏறித் திருப்பூர் வந்து, வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனுக்குள் கையை விட்டு விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருந்தால் ஒதுக்க வேண்டும். நாங்கள் பதினான்கு பெண்கள். தடையில்லாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை வாரப் பத்திரிகை வரும். அன்றைக்கு என் பங்குப் பனியன்களை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து தொடர்கதை படிக்க வேண்டும். சூப்பர்வைசர் இதைக் கண்டுகொள்ளமாட்டார். கதை ஓடும்போது கை வேகமாக ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும்.

அப்போது வந்துகொண்டிருந்தது ஒரு சிரிப்புக் கதை, விஞ்ஞானக் கதையும்கூட. நிலாவில் தாலுகா ஆபீஸ் திறக்கிறார்கள். பூமியில் ஒழுங்காக வேலை செய்யாத ஒரு குமாஸ்தாவை அங்கே மாற்றுகிறார்கள். அவரோடு ராக்கெட்டில் அரசாங்கச் சமையல் இயந்திரம் ஒன்றும் போகிறது. முட்டி தேய்ந்துபோன பழைய இயந்திரம். ஒரு தோசைக்கு மூன்று பிரதியில் கையெழுத்துக் கேட்கும். சாம்பாரில் உப்பில்லை என்றால் மனு எழுதிக் கொடுக்கச் சொல்லும். பத்திரிகையில் அது சுத்தத் தமிழில் பேசும். நான் அதை எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றினேன். "சாப்புட்டீங்களா சாமி? சாப்புட்டதுக்கு அத்தாட்சி இருக்குதுங்களா?" என்று நான் இழுத்துச் சொன்னதும் மேஜை முழுக்கச் சிரிப்பு. எனக்கும் தலையில் கொஞ்சம் கனம் ஏறியது.

எல்லோரையும் விட அதிகம் சிரித்தவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்கா. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், நாற்பது வயதிருக்கும், புருஷன் இல்லை. ஒரே மகன் பம்பாய்க்குப் போய்விட்டான். எப்போதாவது கடிதம் போடுவான். அதைப் படித்துக் காட்டுவதும் நான்தான்.

ஒரு வியாழக்கிழமை கடிதம் வந்தது. அக்கா டீ நேரத்தில் அதை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். நாலே வரி. இங்கே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டேன். அவர்கள் வீட்டில் எனக்கு அம்மா இல்லை என்று சொல்லியிருக்கிறேன். ஆடி பிறந்ததும் இந்த இடத்தைக் காலி செய்கிறோம். தேடி வர வேண்டாம்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் அதைப் படிக்க என்னால் முடியவில்லை. "சௌக்கியமா இருக்கேன்னு எழுதியிருக்காருங்க அக்கா. லீவு கெடைக்கலியாமா. கெடைச்சதும் வர்றாராமா" என்றேன். வாய் கூசவில்லை. தொடர்கதை படித்துப் படித்து வாய் நன்றாகப் பழகியிருந்தது.

மறுநாள் பத்திரிகை வந்தது. ராக்கெட்டில் பாரம் அதிகமாகிவிடுகிறது. வழியில், கிரகம் கிரகமாகப் பழைய இரும்பு வாங்கும் வியாபாரி எதிரே வருகிறான். குமாஸ்தா சமையல் இயந்திரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றுகொண்டே நிலாவுக்குப் போகிறார். பிரமாதமான நகைச்சுவைதான். இன்று படித்தாலும் சிரிப்பேன். அன்று அக்கா முகம் வாடி உட்கார்ந்திருந்தார், மகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று. அவருக்கு அந்த வாரம் இருந்த ஒரே ஆறுதல் அந்த இயந்திரம். நான் அதை அடுப்புக்குப் பின்னால் ஒளியவைத்துக் காப்பாற்றினேன்.

ஒரு வாரம் காப்பாற்றினால் எல்லா வாரமும் காப்பாற்ற வேண்டும். அதற்குப் பிறகு கதை முடியும்வரை நானே இட்டுக்கட்டினேன். நிலாவில் என் இயந்திரம் ரேஷன் வரிசையில் சண்டை போட்டது, தாசில்தாருக்குப் பத்தியச் சாப்பாடு போட்டது. கடைசி வாரத்தில் பென்ஷனோடு ஓய்வு பெற்றது. பதின்மூன்று பேரும் கைதட்டினார்கள்.

அக்கா சொல்லச் சொல்ல மகனுக்குப் பதில் எழுதினேன். தபாலிலும் போட்டேன். பதில் வரவில்லை. ஆடி வந்தது, போனது. அக்காவின் தம்பி ஊரிலிருந்து வந்து, "இங்க ஒத்தையில என்ன செய்யப் போற, கிளம்பு" என்று கூப்பிட்டார். அக்கா போக மறுத்துவிட்டார். அவர் இருந்த லைன் வீட்டு விலாசம்தான் மகனுக்குத் தெரியுமாம். அவன் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாதாம். இப்படியே இரண்டு வருஷம் போனது. நான் எதிரே உட்கார்ந்து ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கதை படமாகிவிட்டது என்று செய்தி வந்தது. கம்பெனியே திருவிழாவானது. "நம்ம கதைய படம் புடிச்சுட்டாங்களாமா!" என்று ஊரெல்லாம் சொன்னார்கள். படத்தில் இயந்திரம் பேரீச்சம்பழத்துக்குப் போனால் நான் மாட்டிக்கொள்வேன். கதையில் பொய் சொன்னவள் கடிதத்தில் சொல்லியிருக்கமாட்டாளா என்று யோசிக்க அக்காவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? படப் பெட்டி வரக் கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். சினிமாக்காரர்கள் எல்லாக் கதையையும் மாற்றுவார்களே, இதையும் மாற்றியிருக்க மாட்டார்களா என்றும் ஆசைப்பட்டேன்.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னி. தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. "நீ இல்லாம என்ன படம் கண்ணு?" என்று அக்காவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். மற்றதையெல்லாம் மாற்றியிருந்தார்கள். குமாஸ்தா இருபது பேரை அடித்தார். தாசில்தாருக்கு ஒரு மகள் முளைத்திருந்தாள். அவள் ஜிகினாத் துணியில் தெர்மோகோல் நிலாவில் ஆடினாள். இயந்திரம் வந்ததும் எங்கள் வரிசை விசிலடித்தது. தகரத்துக்குள் யாரோ ஓர் ஆள் நடந்து வந்தார். இடைவேளைக்குச் சற்று முன்னால் பழைய இரும்பு வியாபாரி வந்தான். அதை மட்டும் வரிக்கு வரி அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். தியேட்டர் குலுங்கிச் சிரித்தது. எங்கள் வரிசையில் சத்தமே இல்லை. அக்கா எழுந்து நின்றார். பின்னால் இருந்தவர்கள் "உக்காரும்மா" என்று கத்தினார்கள்.

திங்கட்கிழமை செக்கிங் மேஜை சட்டசபையானது. சின்னப் பெண்கள் மூன்று பேருக்குப் பாட்டும் ஜிகினாவும் பிடித்துப்போயிருந்தது. கதை எப்படிப் போனால் என்ன என்றார்கள். மற்றவர்கள் கொதித்தார்கள். "இது நாயமா? பென்சன் வாங்குன சீவனைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டானே, படுபாவி!" இந்தச் சத்தத்தில் கட்டிங் மாஸ்டர் கத்தரியோடு வந்து நின்றார். அவர் அந்தக் கதைக்குப் பைத்தியம். அவருக்கும் படத்தின் மேல் கோபம்தான், ஆனால் வேறு கோபம். கதையிலிருந்த கேலியையெல்லாம் எடுத்துவிட்டுச் சண்டையை வைத்துவிட்டார்களாம். "அந்தப் பேரீச்சம்பழம் ஒண்ணுதானுங்க கதையில இருந்தபடி எடுத்திருக்கான்" என்றார்.

"மாஸ்டர், தெரியாம பேசாதீங்க. கதைய நாங்க முழுசாக் கேட்டோம்" என்று பாய்ந்தார்கள். மாஸ்டர் தொடரின் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிக்கோ அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார். மறுநாள் அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "படிச்சுக்குங்க."

பதின்மூன்று பேரும் அந்தப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்கள். "நீயே படி கண்ணு. மாஸ்டர் மூஞ்சில கரியப் பூசு."

பக்கத்தைத் திருப்பினேன். அப்போதும் இன்னொரு பொய் நாக்கின் நுனிக்கு வந்தது. மாஸ்டர் பக்கத்திலேயே நின்றார். படித்தேன், வியாபாரி, பேரீச்சம்பழம், எல்லாம். பிறகு ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள். "அடி கள்ளி! அப்ப பென்சன் குடுத்தது நீயா?" எல்லோரும் சிரித்தார்கள். என் கதைதான் இதைவிட நல்ல கதை என்றார்கள். மாஸ்டர்கூட அந்த ரேஷன் வரிசைச் சண்டையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவ்வளவு சுலபமாக என்னை மன்னித்துவிட்டார்கள். அக்கா மட்டும் குனிந்து பனியனுக்குள் கையை விட்டு விரித்துக்கொண்டிருந்தார். விரித்த பனியனையே திரும்பத் திரும்ப விரித்தார்.

சாயங்காலம் வேலை விட்டதும் குழாயடியில் என்னை நிறுத்தினார்.

"ஏ தாயி, எம் மவன் கடுதாசியையும் அப்படித்தான் வாசிச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பவும் செய்திருப்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவே பதிலாகிவிட்டது. கடிதத்தை மடியில்தான் வைத்திருந்தார், மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. எடுத்துக் கொடுத்தார். குழாயடியில் நின்று நாலு வரியையும் படித்தேன். என் கணீர்க் குரலை அன்று வெறுத்தது போல என்றும் வெறுத்ததில்லை.

அவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஆடி பொறக்குற மட்டும் அங்கனதான் இருந்தானா?"

"ஆமாங்க அக்கா."

"கடுதாசி வந்தது மாசியில. நாலு மாசம் கெடந்திருக்கே. நீ அன்னைக்கே வாசிச்சிருந்தா நான் போயிருப்பேன்ல."

இது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. தேடி வராதே என்று மகன் எழுதினால் அம்மா உட்கார்ந்து அழுவார் என்று மட்டும் நினைத்தேன். அடுத்த ரயிலுக்குக் கிளம்புவார் என்று நினைக்கவில்லை. நான் அவரை அழாமல் காப்பாற்றவில்லை, அவர் போக வேண்டிய ரயிலை நிறுத்திவிட்டேன்.

அந்த வாரமே, தெரிந்த வியாபாரி ஒருவர் சரக்கு விஷயமாகப் பம்பாய் போகும்போது அவர் குடும்பத்தோடு அக்காவும் போனார். கடிதத்தின் பின்னால் இருந்த விலாசத்தை என்னிடம் கேட்கவில்லை. மாஸ்டரிடம் கொடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். மகனைப் பார்த்தேன் என்றார். ஆள் பருத்துவிட்டானாம். மருமகள் கோதுமை நிறமாம். இரண்டாவது மாடியில் வீடு, ஜன்னலைத் திறந்தால் ரயில் தெரியுமாம். பேத்திக்கு இவர் ஜாடையாம், பிரியும்போது முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். சொல்லச் சொல்ல எல்லோருக்கும் கண் கலங்கியது. "மனசு குளுந்துபோச்சுங்க அக்கா" என்றார்கள்.

நான் பனியனைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கே நிறுத்தினார், எங்கே ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு அடுத்ததைச் சேர்த்தார் என்று எனக்குத் தெரிந்தது. இட்டுக்கட்டுவது என் தொழிலாயிற்றே. பேத்தியின் பெயர் என்ன என்று ஒருத்தி கேட்டாள். அக்கா ஒரு கணம் தயங்கினார். பிறகு, பேச்சு வாக்கில் சொல்வது போல, என் பெயரைச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.