பச்சைக் கோடு

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி ஊருக்கும் உலகத்துக்கும் அவன் ஸ்கேல். கட்டட வரைபட ஆபீசில் இருந்த காலத்தில், ஸ்கேல் வைக்காமலே நேர்கோடு போடுவான் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். யாராவது புதிதாக வந்து, "ஏன் உங்களை ஸ்கேல்னு கூப்பிடறாங்க?" என்று கேட்டால் தானே சொல்லமாட்டான். பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும் என்று அடக்கமாகக் காத்திருப்பான். அடக்கமும் சில சமயம் தம்பட்டத்தின் தம்பிதான்.

அந்த ஆபீஸ் மூடிய பிறகு, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கத்தில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கேயும் கோடு போடுகிற வேலைதான். சுவருக்கும் படிக்கட்டுக்கும் பதிலாக, மனிதர்களின் கழுத்து ரத்தக்குழாய்க்கு. ஸ்கேன் மெஷின் கழுத்தை ரொட்டி நறுக்குவதுபோல மெல்லிய துண்டுகளாகப் படம் எடுத்துத் தரும். ஒவ்வொரு படத்திலும் குழாய் ஒரு சாம்பல் வளையமாகத் தெரியும். ரத்தம் ஓடுகிற உள்விளிம்பில் ஒரு கோடு, வெளிவிளிம்பில் ஒரு கோடு போடவேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது குழாயின் சுவரும் அதில் படிந்திருக்கிற கொழுப்பும். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து மௌஸைப் பிடித்து வளையம் வளையமாக வரைவான். கை நடுங்காது, கண் கூசாது, அலுப்பும் தட்டாது.

அவன் போட்ட கோடுகளை அடுக்கித்தான் கம்ப்யூட்டர் ஒரு முழுக் குழாயைக் கட்டும். அந்தக் கணக்கை எழுதியவரை எல்லோரும் கணக்கம்மா என்பார்கள். கம்ப்யூட்டருக்குள் அந்தக் குழாயில் ரத்தத்தை ஓடவிட்டு, எங்கே அது வேகமாகப் போகிறது, எங்கே சுணங்கிச் சுழல்கிறது என்று பார்ப்பார். சுணங்குகிற இடத்தில் கொழுப்பு படியும், சுவர் உள்ளே புடைக்கும், புடைத்ததால் ஓட்டம் மாறும், மாறிய ஓட்டத்தால் வேறோர் இடம் புடைக்கும். இப்படியே ஓட்டிக்கொண்டு போனால், ஒரு வருஷம் கழித்து அந்தக் குழாய் எப்படி இருக்கும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. அதற்காகவே தலை நரைத்தவர். கணக்கு பாதியில் நின்றுவிட்டால் திரையைப் பார்த்து, "ஓடு ராசா, ஏன் என் உயிரை வாங்கற, ஓடு" என்று கெஞ்சுவார். மனிதர்களிடம் அவ்வளவு கனிவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

இந்த ஆராய்ச்சிக்குக் கழுத்துக் கொடுத்தவர்களில் ஸ்கேலின் அத்தானும் ஒருவர். அக்காவும் அவரும் ஸ்கேல் குடியிருந்த வீட்டின் மாடியிலேயே இருந்தார்கள். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்ந்தவர், வாயை மட்டும் ஓயவிடாதவர். குழாயில் கொழுப்பு இருக்கிறது என்று தெரிந்ததும், "எங்க ஆராய்ச்சில சேர்ந்துக்குங்க அத்தான், நல்லா கவனிப்பாங்க" என்று ஸ்கேல்தான் இழுத்துவந்தான். படங்களில் யார் பெயரும் இருக்காது. ஆனாலும் அத்தானுடைய குழாயை அவனுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். மேலே போகும்போது ஓரிடத்தில் சட்டென்று மடங்கித் திரும்பும். அதைச் சொன்னபோது அத்தான் சிரித்தார். "வாழ்க்கை முழுக்க மலைப்பாதையில வளைச்சு வளைச்சு ஓட்டினேன் மாப்ள. கடைசில வளைவு எனக்குள்ளேயே வந்துடுச்சா?"

வருஷம் திரும்பியது. எல்லோருக்கும் இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். இப்போது ஸ்கேல் மறுபடியும் கோடு போடவேண்டும். அவன் கோட்டையும் கம்ப்யூட்டர் முன்கூட்டிச் சொன்ன கோட்டையும் ஒப்பிட்டால் கணக்கு பலித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். இதில் விதி ஒன்றே ஒன்றுதான். கோடு போடுகிறவன் கம்ப்யூட்டரின் கோட்டைப் பார்க்கக் கூடாது. அது திரையில் பச்சை நிறத்தில் வரும். ஓரத்தில் கண் படம் போட்ட ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் கண் மூடும், பச்சைக் கோடு மறையும். மூடியே இருக்கவேண்டும் என்று கணக்கம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்.

முதலில் வந்த படமே சனியனாக வாய்த்தது. படம் எடுக்கும்போது அந்த மனிதர் எச்சில் விழுங்கியிருக்கவேண்டும். விளிம்பு ஈரத்தாளில் மை பட்டதுபோலப் பரவிக் கிடந்தது. எங்கே சுவர் முடிகிறது, எங்கே ரத்தம் தொடங்குகிறது என்று புரியவில்லை. புரியவில்லை என்று எழுதிவைக்க இடம் இருந்தது. ஆனால் ஸ்கேல் என்று பெயர் வாங்கியவன் புரியவில்லை என்று எழுதுவானா? ஒரு தரம், தோராயமாக எங்கே என்று தெரிந்துகொள்ள மட்டும், பட்டனை அழுத்திக் கண்ணைத் திறந்தான். மங்கலுக்கு நடுவே பச்சைக் கோடு அழகாக வளைந்து போயிற்று. பார்த்த பிறகு மங்கலில்கூட விளிம்பு அங்கேதான் இருப்பதுபோலத் தோன்றியது. கையும் அதன் மேலேயே போயிற்று.

அப்புறம் கண்ணை மூட மறந்தான். மறந்தான் என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம், இவன் திறந்துவைத்துக்கொண்டே உலகத்தை இருட்டாக்கினான். தெளிவான படத்திலும், தன் கோடு பச்சையை விட்டு விலகினால், தான்தான் தவறாகப் போட்டோமோ என்று சந்தேகம் வந்தது. அழித்து, கொஞ்சம் நகர்த்திப் போட்டான். வேலை மளமளவென்று முடிந்தது.

ஒப்பிட்டுப் பார்த்த அன்று கணக்கம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். கணக்கு அச்சு அசலாகப் பலித்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓடிட்ட ராசா" என்றார் திரையிடம். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, ஸ்கேலின் தோளைத் தொட்டு, "உங்க கை இல்லாட்டி இது நடந்திருக்காது" என்றார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அவருக்குத் தெரியாது. ஸ்கேலுக்கு அப்போதுதான் உறைத்தது. விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சை எழுதியிருக்கிறோம், அதுவும் அடுத்தவருடைய பரீட்சையை. சொல்லிவிட வாய் திறந்தான். அதற்குள் எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் நடுவில் எப்படிச் சொல்வது என்று சிரித்துவைத்தான்.

அதோடு நின்றிருந்தால் கெடுதல் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையோடு போயிருக்கும். ஆனால் ரத்தக்குழாய் டாக்டர் அந்தக் கூட்டத்திலேயே அடுத்த பேச்சை எடுத்தார். முதுகுக்குப் பின்னால் அவரைக் குழாய் ரிப்பேர்க்காரர் என்று சொல்வார்கள், நல்ல மனிதர்தான். "இவ்வளவு சரியாச் சொல்லுதுன்னா, கொழுப்பு அமைதியா இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்றவங்களை அடிக்கடி வரவச்சு அலைக்கழிக்க வேண்டாம். ரெண்டு வருஷம் கழிச்சு வந்தாப் போதும்" என்றார். அமைதியானவர்கள் வரிசையில் பாதிக்கு மேல் ஆள் இருந்தார்கள். அத்தானும் இருந்தார்.

வீட்டில் அக்கா அவன் தட்டில் எல்லாவற்றையும் இரண்டு மடங்காகப் போட்டாள். "எங்க தம்பி கூட இருக்கறதாலதான் எனக்குப் பயமே இல்ல" என்றாள். பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, அத்தானுடைய படத்தை மட்டும் எடுத்தான். கண்ணை மூடினான். பச்சை போயிற்று. புதிதாகக் கோடு போட்டான். அந்த வளைவுக்கு வந்ததும் கை நின்றது. வளையத்தின் நடுவில் ரத்தத்துக்கு விட்டிருந்த இடம் ஒரு நகக்கீறல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. படம் தெளிவாகத்தான் இருந்தது. போன தரம் அதே படத்தின் மேல், பச்சையை நம்பி, தாராளமாக வழி விட்டிருந்தான்.

அப்போதாவது கணக்கம்மா அறைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. குழாய் டாக்டரை நடைபாதையில் மடக்கி, "அத்தானுக்கு ஒரு கண்ணு அப்பப்ப மங்குதாம் டாக்டர், பயமா இருக்கு" என்று வாய் கூசாமல் சொன்னான். கழுத்துக் குழாய் அடைத்தால் கண் மங்கும் என்று இத்தனை நாள் காதில் விழுந்தது கைகொடுத்தது. அத்தானை உடனே வரச்சொன்னார்கள், பார்த்தார்கள், பதறினார்கள், அறுவை செய்து கொழுப்பை வழித்தெடுத்தார்கள். "இத்தனை பேர்ல ஒருத்தர் கணக்குக்கு மாறிப்போறது சகஜம்" என்றார் டாக்டர். "நல்ல நேரத்துல சொன்னீங்க."

மற்றவர்களின் படங்களை ஸ்கேல் திறக்கவேயில்லை. திறந்தால் தெரிந்துவிடும் என்று தெரியும்.

வார்டில் அத்தான் கழுத்தில் கட்டோடு தர்பார் நடத்தினார். ஸ்கேல் போனபோது அங்கே ஒரு தையல்காரம்மா வந்திருந்தாள். அவள் வீட்டுக்காரரும் இதே ஆராய்ச்சியில் இருந்தார். ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த நாட்களில் இரண்டு குடும்பமும் பழகியிருந்தது.

"இவன்தான் எங்க மாப்ள" என்றார் அத்தான். "இந்த ஆஸ்பத்திரில இருக்கற அத்தனை கழுத்தும் இவன் கையிலதான்."

தையல்காரம்மா அவனுடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்ச்சுப்போன விரல்கள். "எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சு வந்தாப் போதும்னு சொல்லிட்டாங்க தம்பி. அன்னிக்குத்தான் அவர் நிம்மதியாத் தூங்கினாரு. இந்தக் கை நல்லா இருக்கணும்."

"சரிம்மா" என்றான். கையை உருவிக்கொள்ளவும் தைரியம் இல்லை. பூமி பிளந்து விழுங்காதா என்று சொல்வதைக் கேட்டிருக்கிறான். அன்றைக்கு அதை மனதார வேண்டினான்.

அவள் போன பிறகு அத்தான் சிரிப்பை நிறுத்தினார். "மாப்ள, டாக்டர் என்னைக் கண்ணு மங்குதான்னு கேட்டாரு. நான் யார்கிட்டயும் அப்படிச் சொல்லலையே. யாரு சொன்னது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவன் இன்னொரு தரம் முயன்று பார்த்தான். அத்தான் கண்ணெடுக்காமல் பார்த்தார். ஸ்கேல் கட்டிலின் இரும்புக்காலைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். பச்சைக் கோட்டை, திறந்த கண்ணை, மூடிப் பார்த்த ஒரே ஒரு படத்தை. சொல்லி முடித்தபோது குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அத்தான் கழுத்துக் கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு, கோபம்கூட இல்லாமல் கேட்டார். "பிரேக் பிடிக்காதுன்னு தெரிஞ்சு, நம்ம வீட்டு ஆளை மட்டும் இறக்கிவிட்டுட்டு, வண்டியை அனுப்பிட்டியா மாப்ள?"

அத்தான் கட்டிலை விட்டு இறங்க முயன்றார். பிடிக்கப் போனவனின் கையை விலக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு நடந்தார்.

வார்டிலிருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு நீளமான நடைபாதை. எதிரில் வந்தவர்கள் வழக்கம்போல, "என்ன ஸ்கேல்" என்றார்கள். அந்தப் பெயரே வசவாகக் காதில் விழுந்தது. கணக்கம்மா அறையில் ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருந்தார். அவன் உட்காராமல் சொன்னான்.

"ரெண்டாவது ஸ்கேனுக்குக் கண்ணைத் திறந்து வச்சுத்தான் கோடு போட்டேன் மேடம்."

"எத்தனை பேருக்கு?"

"எல்லாருக்கும்."

திட்டுவார் என்று நினைத்தான், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். கணக்கம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. திரையைப் பார்த்தார். "அப்ப நீ ஓடவே இல்லையா" என்று அதனிடம் மெதுவாகக் கேட்டார். ஸ்கேலுக்கு அங்கேதான் அழுகை வந்தது.

குழாய் டாக்டர் கத்தவேண்டிய அளவுக்குக் கத்தினார். அது நியாயம்தான். எல்லாப் படங்களையும் வேறொரு கை புதிதாகப் போடவேண்டும், ஸ்கேல் இனி மௌஸைத் தொடக் கூடாது என்று முடிவாயிற்று. ஆனால் அதுவரை காத்திருக்க முடியாது. அமைதியானவர்கள் என்று வீட்டுக்கு அனுப்பிய அத்தனை பேரையும் உடனே கூப்பிட்டுப் பார்க்கவேண்டும். "யார் பேசறது, என்னன்னு சொல்றது?" என்றார் டாக்டர். வரவேற்பில் இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானே பேசறேன்" என்றான் ஸ்கேல். "என்ன நடந்ததுன்னே சொல்றேன்."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போனை அவன் பக்கம் தள்ளிவைத்தார்கள். முதலில் யாரைக் கூப்பிடவேண்டும் என்பதில் அவனுக்குக் குழப்பம் இல்லை.

மறுமுனையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன்மா. கோடு போடறவன்."

மெஷின் நின்றது. "நம்ம தம்பியா? இப்பத்தான் இவர்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லிட்டிருந்தேன், நூறு ஆயுசு உங்களுக்கு. சொல்லுங்க, நல்ல சேதிதானே?"

போனில் கை தெரியாது. அது தெரிந்திருந்தும் ஸ்கேல் வலது கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "இல்லம்மா" என்றான்.