நேரில் வருகிறேன் என்ற ஒரு வரி

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அவரைக்காய் உரிக்க உட்கார்ந்தோம். மார்கழி வந்துவிட்டால் ஓசூரில் தெருவெல்லாம் அந்த வாசனைதான். கையில் ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாது. சாத்தூர்ப் பக்கத்துக்காரனான எனக்கு முதல் வருடம் அது பிடிக்கவே இல்லை. இப்போது அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி வைக்கிற பிதுக்குப்பருப்புக் குழம்பு இல்லாவிட்டால் மார்கழியே இல்லை என்று ஆகிவிட்டது. கீழே விரித்திருந்த பழைய ஆங்கிலப் பேப்பரில் தோலைத் தள்ளும்போது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஏதோ ஒரு மசோதாவைப் பரிசீலிக்கும் நாடாளுமன்றக் குழு, பொதுமக்களின் கருத்தைக் கேட்டிருந்தது. பதினைந்து நாள் அவகாசம், இரண்டு பிரதிகள், ஆங்கிலத்திலோ இந்தியிலோ. பேப்பரை உருவி எடுத்துவிட்டேன். "தோலெல்லாம் கொட்டுது பாருங்க" என்றாள் மனைவி. எனக்கு லட்சுமம்மாக்கா ஞாபகம் வந்துவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் கிளார்க். யார் எப்போது உள்ளே வந்தார்கள், யாருக்கு லீவு என்று பார்க்கிற வேலை. என் சொந்த லீவைக் கேட்க மட்டும் தைரியம் வராது. அந்த அறையைக் கூட்டித் துடைக்க வந்தவர்தான் லட்சுமம்மாக்கா. கான்ட்ராக்ட் ஆள். தளி போகும் வழியில் ஒரு சின்ன ஊர். ஆடுகளைக் கன்னடத்தில் எண்ணுவார், மருமகனைத் தெலுங்கில் திட்டுவார், என்னிடம் தமிழில் பேசுவார். அவரைக்காய் வாசனையை எனக்குப் பழக்கியதே அவர்தான். மார்கழியில் அவருடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் அறை முழுக்க அதுதான் மணக்கும்.

வேலை முடிந்து போனால் அவருக்கு இன்னொரு வேலை, பதினெட்டு ஆடுகள். ஊருக்குப் பின்னால் இருந்த கரட்டில்தான் மேய்ச்சல். கரடு என்றால் பெரிய மலையெல்லாம் இல்லை. பாறையும் புல்லுமாக ஒரு மேடு, நடுவில் சித்திரையிலும் வற்றாத ஒரு சுனை. யார் பேரிலும் பட்டா கிடையாது, ஊருக்கே பொது.

ஒருநாள் டீ நேரத்தில் இதே மாதிரி ஒரு விளம்பரத்தைப் பார்த்தேன். பொது நிலங்களைக் கல் வெட்டவும் கனிமம் எடுக்கவும் கொடுப்பதை எளிதாக்கும் மசோதா. அதுவரை மசோதா என்றால் கை தூக்கினார்கள், முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். இதை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று சபை முடிவு செய்தால், உறுப்பினர்கள் சிலர் அடங்கிய குழுவுக்கு அது போகும். குழு எல்லோரிடமும் கருத்துக் கேட்கும், சிலரை நேரில் அழைத்தும் கேட்கும், பிறகு அறிக்கை எழுதிச் சபைக்கே திருப்பி அனுப்பும். எனக்குத் தெரிந்துவிட்டதே என்ற பெருமையில் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். "உங்க கரடு மாதிரி எடத்துக்குத்தான்க்கா இந்தச் சட்டம்."

அவர் மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அப்போ எங்களக் கேக்கறாங்களா சார்?"

"எல்லாரையும்தான் கேக்காங்க."

"இதுவரைக்கும் யாருமே எங்கள ஒண்ணு கேட்டதில்ல சார்."

நான்கே நாளில் ஊரில் கையெழுத்து வாங்கிவந்தார். தமிழ், கன்னடம், தெலுங்கு, நடுநடுவே கைரேகை. சாப்பாட்டு நேரத்தில் அவர் சொல்லச் சொல்ல, கம்பெனி கம்ப்யூட்டரில் நான் ஆங்கிலத்தில் அடித்தேன். சுனை, ஆடு, கரட்டு மேல் இருக்கும் முனியப்பன் கல், எதையும் விடவில்லை. கடைசியில் விளம்பரத்தில் இருந்த இன்னொரு விஷயத்தையும் படித்துக் காட்டினேன். நேரில் வந்து சொல்ல விரும்புகிறவர்கள் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

"எழுதுங்க சார். நா வரேன்னு எழுதுங்க. டில்லின்னாலும் வரேன். பேப்பர்ல எழுதினா கரடு தெரியாது சார், நா சொன்னாத் தெரியும்."

"சரிக்கா" என்றேன். எழுதவில்லை.

அந்தப் பெரிய கட்டடத்தில் இவர் மூன்று பாஷையும் கலந்து பேசினால் சிரிப்பார்களே, பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கூட மொழிபெயர்க்க நான் போக வேண்டியிருக்கும், எதற்கு லீவு என்று மேனேஜர் கேட்பார், எந்தக் கம்ப்யூட்டரில் அடித்தாய் என்றும் கேட்பார். எனக்குப் பயம், அவ்வளவுதான். அவரால் ஆங்கிலம் படிக்க முடியாது என்பது எனக்கு வசதியாகிவிட்டது. இரண்டு பிரதியிலும் முதல் கையெழுத்தாகத் தன் பேரைக் கன்னடத்தில் போட்டார். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம்.

பதில் வர டைம் ஆபீஸ் முகவரியைத்தான் கொடுத்திருந்தோம். தினமும் காலையில் வாளியோடு வந்து நிற்பார். "லெட்டர் வந்துச்சா சார்?" "வரும்க்கா, நெறைய பேரைக் கேக்கணும்ல." ஒரு புது ஜாக்கெட் தைத்து வைத்திருந்தார். பெங்களூரிலிருந்து டில்லிக்கு எத்தனை நாள் என்று கேன்டீனில் ஒரு பீகார்ப் பையனிடம் விசாரித்தும் வைத்திருந்தார். எதிரில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மசோதா நிறைவேறியது. குழுவின் அறிக்கையை இணையத்தில் தேடிப் பிடித்தேன். மனு அனுப்பியவர்கள் பட்டியலில் அந்த ஊரின் பேர் எழுத்துப் பிழையோடு இருந்தது. நேரில் பேசியவர்கள் பட்டியல் தனி. அதில் சங்கத் தலைவர்கள், கம்பெனி அதிகாரிகள், ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருந்தார்கள். ஆடு மேய்க்கிறவர் ஒருவர்கூட இல்லை. நான் எழுதியிருந்தாலும் கூப்பிட்டிருப்பார்களா, தெரியாது. எழுதாததால்தான் தெரியாமல் போயிற்று.

இரண்டு வருடத்தில் கரட்டுக்கு மெஷின் வந்தது. கான்ட்ராக்ட் மாறியதில் லட்சுமம்மாக்காவும் வேலைக்கு வருவது நின்றது. அதற்கப்புறம் ஒரே ஒரு முறை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஆடெல்லாம் விற்றாகிவிட்டதாம், ரோஸ் தோட்டத்துக்குப் பூப் பறிக்கப் போகிறாராம். அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, அந்த லெட்டர்ல..."

"உடுங்க சார். நீங்க எழுதினீங்க, அவங்க கூப்புடல. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? எங்களுக்காக ஒக்காந்து எழுதினது நீங்க ஒருத்தர்தான்" என்றார். தளி பஸ் வந்தது. கையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

நானும் கையை ஆட்டினேன். இப்போது தளி பக்கம் போனால் ஜன்னலோரம் உட்காருவதில்லை. கரடு இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிகிறது, கீழே சுனை இருந்த இடத்தில் லாரி போகும் பள்ளம். டைம் ஆபீஸில் கார்டு தேய்க்கும் மெஷின் போய் முகம் பார்க்கும் மெஷின் வந்துவிட்டது. காலையில் தரையைத் துடைக்க வேறு யாரோ வருகிறார்கள். லெட்டர் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.