இல்லாத பாதை

ஆனைக்குட்டம் நீர்த்தேக்கக் கரையிலிருந்து கருவேலங்காட்டுக்குள் போகும் பாதையில் நானும் மச்சானும் ஆறு வருஷமாக ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டினோம். மச்சான் என் மனைவியின் அண்ணன்; பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். முள் வெட்டி அந்தப் பாதையை அகலமாக்கியதே நாங்கள் இரண்டு பேரும்தான்.

வெளியூர்க்காரர்களும் வந்து ஓட்டும்படி அதைச் சைக்கிள் தடமாக்கலாமா என்று கேட்க அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். எங்கே மேடு, எங்கே மணல் என்று மச்சான் எப்போதோ எழுதிக்கொடுத்த தாளை வைத்து, என் அச்சகத்திலேயே நாலு கலரில் வரைபடம் அடித்துக்கொண்டு போனேன்.

கூட்டத்தில் மச்சான் எழுந்தார். "ஐயா, அங்கன பாதையே கிடையாது. நான் அந்தப் பக்கம் போனதே இல்ல."

அந்தப் பாதையை ஒட்டிய நிலத்தைப் புது யூனிட்டுக்காக அவர் வாங்கியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. பொதுப்பாதை ஒட்டி இருந்தால் பட்டாசு ஷெட்டுக்கு லைசென்ஸ் கிடைக்காது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர் முன்னால் என்னைப் பொய்யனாக்கினார்.

அடுத்த ஞாயிறு காலையில் வாசலில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை, கிளம்புறீகளா? வெயில் ஏறிரும்."

"எங்க போக? அங்கனதான் பாதையே கிடையாதே மச்சான்."

"அது கூட்டத்துக்குச் சொன்னது மாப்பிள்ளை" என்று சிரித்தபடி, என் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் குனிந்தார்.

பம்பைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன்.