மாடு தின்ற மீன்

சொளகில் ஒரு மீன் தலை கிடந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். காய்ந்து சுருங்கிப்போய், கண் மட்டும் வெள்ளையாக விழித்துக்கொண்டிருந்தது. மாட்டுக் கொட்டகை வாசலில் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்த என் நாத்தனார் நிமிர்ந்து, "நீயா இங்குட்டு உக்காந்து கருவாடு ஆஞ்ச?" என்று கேட்டார். கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள் நான். வீட்டில் எது நடந்தாலும் பழி முதலில் என்னிடம் வந்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் போகும். நான் இல்லை என்றேன். அவர் மறுபடி மூடைக்குள் கைவிட்டு அள்ளிப் புடைத்தார். இரண்டு முள், சில செதில்கள், இன்னொரு தலை. அது மாட்டுத் தீவன மூடை.

அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். என் கணவருக்கு அக்கா. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவர், சும்மா உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல் ஒரு பசு வாங்கிக் கட்டினார். எழுபதுகளின் தொடக்கம் அது. சீமைக் கலப்புப் பசுக்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தன. இந்த ஜாதி மாட்டுக்கு வைக்கோலும் கழுநீரும் காணாது, மில்லில் அரைத்த தீவனம் வைத்தால்தான் பால் சுரக்கும் என்று மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சொல்ல, மதினியும் மூடை மூடையாக வாங்கினார். பால் பெருகத்தான் செய்தது. அரிசியோ பருப்போ, புடைக்காத எதையும் அவர் அடுப்படிக்குள் விடமாட்டார். மாட்டுக்கு வைப்பதையும் அப்படியே புடைப்பார். அதுவரை கல்லும் உமியும்தான் வந்திருந்தன.

நாங்கள் ஒன்றும் சைவம் இல்லை. அயிரை மீன் குழம்பு என்றால் மதினி இன்னும் ஒரு கை சோறு கூடப் போட்டுக்கொள்வார். அவரைக் கலங்கடித்தது மீன் இல்லை, அந்தப் பால் போய்ச் சேருகிற இடம். எங்களுக்குப் பக்கத்தில் ஆச்சி வீடு, பெரிய செட்டியார் வீடு. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும். மற்ற நாட்களில் பாலெல்லாம் பின்வாசல் வழியாகத்தான் போகும். வெள்ளிக்கிழமை மட்டும் அம்மன் அபிஷேகத்துக்கு அந்த வீட்டார் உபயமாகப் பால் போவது வழக்கம். அதை ஆச்சி தலை முழுகிவிட்டு வந்து, முகப்பில் நின்று வெள்ளிச் செம்பில் வாங்குவார். தாலியறுத்தவள் எதிரே வந்தால் வந்த வழியே வீட்டுக்குள் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிற ஆட்கள் நிறைந்த தெரு அது. அதே தெருவில், வெள்ளிக்கிழமை காலையில், மதினி எப்போது வருவார் என்று ஒரு பெரிய வீடு வாசலில் காத்து நிற்கும். அன்றைக்கு அவருடைய நடையே வேறாக இருக்கும். சாவுத் தீட்டு, பிள்ளைத் தீட்டு, புது வீடு புகுவது என்று கோமியம் கேட்டு வருகிறவர்களும் எங்கள் கொட்டகைக்குத்தான் வருவார்கள். "எம் மாடு கண்டதத் திங்காது" என்று அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அன்றைக்கே மீன் தலையை முந்தானையில் முடிந்துகொண்டு தீவனக் கடைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்குப் போயா இம்புட்டுத் தூரம் வந்தீக? சத்துக்குத்தான்க்கா மீனத் தூளாக்கிப் போடுறாக. இது சரியா அரைபடல. எலும்புத் தூளும் இருக்கும். சில மில்லுல ரத்தத்தக் காயவச்சும் கலக்குறாக. இல்லாட்டி இம்புட்டுப் பாலு எங்குட்டிருந்து வரும்?"

"எலும்பா? எதோட எலும்பு?"

"யாரு கண்டா? ஆடோ மாடோ. கசாப்புக் கடையில கழிச்சதெல்லாம் எங்குட்டுப் போகும்னு நெனச்சீக?"

மதினி மீன் தலையைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து நேரே கொட்டகைக்குப் போனார். பசு வழக்கம்போல அவர் தோளை நக்கியது. விலகிக்கொள்ளவும் முடியாமல் தடவிக் கொடுக்கவும் முடியாமல் அவர் நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மீனைக்கூட விட்டுவிடலாம். மாட்டுக்கு மாட்டையே அரைத்து ஊட்டியிருக்கிறோமோ, அதுவும் தன் கையால் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஊட்டியிருக்கிறோமோ என்பதுதான் அவரை ஓரிடத்தில் உட்காரவிடாமல் அடித்தது.

மறுநாள் குருக்களிடம் போய், மாட்டுக்குத் தீட்டுக் கழிக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். குருக்கள் பஞ்சகவ்யம் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பால், தயிர், நெய், கோமியம், சாணம் எல்லாம் மாடு கொடுப்பது. ஊரார் தீட்டையெல்லாம் மாட்டை வைத்துக் கழிக்கிறோம், மாட்டுக்கே தீட்டு வந்தால் எதை வைத்துக் கழிப்பது?

"வேற வீட்டு மாட்டோடத வாங்கியாரேன் சாமி" என்றார் மதினி.

"அந்த மாடு என்ன தின்னுதுன்னு யாருக்கும்மா தெரியும்?" என்றார் குருக்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதினி முறைத்த முறைப்பில் அடங்கிப் போனேன். கடைசியில் குருக்கள் குரலைத் தாழ்த்தி, "என்கிட்ட சொல்லிட்டேள், இத்தோட விட்டுடுங்கோ. வேற யார்கிட்டயும் வாயத் திறக்க வேண்டாம்" என்றார். வீட்டில் என் கணவரும் அதையேதான் சொன்னார். மூடையை நிறுத்திவிட்டு எள்ளுப் புண்ணாக்குக்கு மாறிவிட்டால் விஷயம் முடிந்தது, இதற்கு ஏன் ஊரைக் கூட்டவேண்டும் என்றார். மூடை அன்றோடு நின்றது, பாலும் குறைந்தது. ஆனால் மதினிக்கு மட்டும் எதுவும் முடியவில்லை. சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போவார், வருவார். "போன வெள்ளி வரைக்கும் ஊத்துனது ஊத்துனதுதானே" என்பார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆச்சி முகப்பில் செம்போடு நின்றார். மதினி பாலை ஊற்றாமல் கேனைக் கீழே வைத்தார்.

"ஆச்சி, எம் மாடு கண்டதத் திங்காதுன்னு நீங்க நம்பிக்கிட்டு இருக்கீக. நானுந்தான் நம்புனேன்" என்று தொடங்கி, மீனையும் எலும்பையும் ரத்தத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

ஆச்சி கோபப்படவில்லை. வெள்ளிச் செம்பைத் தூண் ஓரமாக ஒதுக்கி வைத்தார். "சொன்னியே ஆத்தா, நல்லது" என்றார். பிறகு, "வீட்டுக்கு எப்பவும்போல பாலு கொண்டா. காப்பிக்கு வேணும். அங்குட்டு, பின்வாசலுக்கு வந்துரு" என்றார்.

இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆச்சி கெட்டவர் இல்லை. சாமிக்கு ஆகாதென்று ஒதுக்கிய பாலை அவர் குடும்பத்தோடு குடித்தார், அதுவும் ஒரு மரியாதைதான் என்று என் கணவர் சமாதானம் சொன்னார். எனக்கு அது இறங்கவே இல்லை.

இப்போது சென்னையில் மகள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதன் தீவனப் பையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால், கோதுமைக்கும் சோயாவுக்கும் நடுவே இறைச்சித் தூள், விலங்குக் கொழுப்பு என்று எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறான். எந்த விலங்கு என்று இல்லை. "நாயே கேக்கல, உனக்கு என்னம்மா?" என்கிறாள் மகள். வெளிநாட்டில் மாட்டெலும்பை மாட்டுக்கே வைத்து, மாடுகள் புத்தி பேதலித்து விழுந்த செய்தி பேப்பரில் வந்தபோது நான் நாலைந்து நாள் சரியாகத் தூங்கவில்லை. மதினி அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் எப்படித் தவித்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வெள்ளிக்குப் பிறகு ஆச்சி வீட்டு முகப்புக்கு வெள்ளிக்கிழமைப் பால் கொண்டுவர வேறொரு பால்காரன் ஏற்பாடானான். ஒரு வெள்ளிக்கிழமை நானும் மதினியும் கேன்களோடு போகும்போது அவன் சைக்கிள் முன்வாசலில் நின்றது. கேன் ஆடாமலிருக்கக் கேரியரில் ஒரு சாக்கை மடித்து வைத்திருந்தான். அதே மில்லின் தீவனச் சாக்கு. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"மதினி, நா போயி ஆச்சிகிட்டச் சொல்லிட்டு வாரேன்."

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சொன்னா அவனும் பின்வாசலுக்கு வருவான். நா முன்வாசலுக்குப் போயிருவேனாக்கும்?"

கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அந்த நீளமான வீட்டைச் சுற்றிப் பின்தெருவுக்கு நடந்தார்.