கொள்ளு காயப்போட்ட நாலுவழிச்சாலை

லாரிகள் மதுரைக்குள் நுழையாமலே தூத்துக்குடிக்குப் போகட்டும் என்று வாடிப்பட்டிப் பக்கம் புதிதாக நாலுவழிச்சாலை போட்டார்கள். திறக்கும்வரை அதுதான் எங்கள் ஊருக்குக் களம்.

அன்று காலையும் அங்கே கொள்ளுச்செடியைக் காயப்போட்டிருந்தோம். என் மனைவி நடுரோட்டில் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓரத்தில் சாக்கை உதறிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஆரன் சத்தம். கன்டெய்னர் லாரி ஒன்று செடிகள்மேல் சறுக்கிக்கொண்டே வந்து, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

டிரைவர் கதவைத் திறந்து இறங்கினார். "ஏக்கா, விடியக்காலையே ரோட்டைத் தெறந்து விட்டாச்சு, தெரியாதா?"

"எங்ககிட்ட யாருண்ணே சொன்னா? இம்புட்டுப் பெரிய ரோடு போட்டவுகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குதாக்கும்?" என்றாள்.

பேச்சுக்குக் குறைச்சலில்லை. ஆனால் வீடு வந்து சேர்ந்த பிறகும், விளக்கமாற்றை இறுக்கியிருந்த அவள் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.